உக்கிரபாண்டி கூண்டில் சொன்னது

டீக்கடையில உக்காந்துக்கிட்டு ஆளாளுக்கு ஒரு கதை சொல்லுதானுக. உக்கிரபாண்டி கோர்ட்டுல மாஜிஸ்திரேட்டையே கேலி பண்ணிட்டு ஜெயிலுக்குப் போனானாம். ஒருத்தன் சொல்லுதான், விளம்பரத்துக்காகப் போனானாம். இன்னொருத்தன் அதுக்கும் மேல, வாய்க்கொழுப்பு, சும்மா இருக்க முடியாமப் போனான்னு சொல்லுதான். கேட்டா எனக்குப் பத்திக்கிட்டு வருது. ஏலே, அன்னைக்கு ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டுல சாட்சிக் கூண்டுல நின்னது நான். ஹெட் கான்ஸ்டபிள் சௌந்தரபாண்டியன். ரிட்டயர்டு ஆகி மூணு வருசம் ஆச்சு, ஞாபகம் இன்னும் ரிட்டயர்டு ஆகல. கேக்கணும்னா என்கிட்ட கேளுங்கலே.

இப்ப அவனை யாருக்குத் தெரியாது? பதினாலு படத்துல வந்துட்டான். தபால்காரனா வருவான், கல்யாண வீட்டுல பந்தி விசாரிக்கிறவனா வருவான். ரெண்டு நிமிசம்தான். அந்த ரெண்டு நிமிசம் தியேட்டர்ல ஒருத்தனும் முறுக்கு கடிக்க மாட்டான். படம் முடிஞ்சதும் பஸ் ஏறி ராஜபாளையம் வந்து, எந்த மில்லு வாசல்ல போராட்டப் பந்தல் போட்டிருக்காகளோ அங்க போய் உக்காந்துக்கிடுவான். என்னை விட எட்டு வயசு இளையவன், அதனால அவன் இவன்னுதான் சொல்லுவேன். மரியாதை இல்லாம இல்ல. என் முப்பத்தஞ்சு வருச சர்வீசுல மந்திரிக்கு, கலெக்டருக்கு, எம்புட்டு பேருக்கோ சல்யூட் அடிச்சிருக்கேன். மனசால அடிச்சது அவன் ஒருத்தனுக்குத்தான்.

எண்பத்திரண்டுல மம்சாபுரத்துல கோயில் கொடை. நாடகம் போட்டிருந்தாக, நான் பந்தோபஸ்து. நம்ம பக்கத்து நாடகத்துல முதல்ல பபூன்தான் வரணும். ராஜா வேசக்காரர் மீசை ஒட்டி, கிரீடம் வச்சு எந்திரிக்கிற வரைக்கும் கூட்டத்தை உக்கார வைக்கிறது அவன் பொறுப்பு. அன்னைக்குப் பபூன் வரல, பஸ் பிரேக்டவுனாம். கூட்டம் விசிலடிக்குது, கமிட்டிக்காரங்க கையைப் பிசையுறாக. அப்பத்தான் மில்லுல ஷிப்டு முடிச்சு சைக்கிள்ல வந்த ஒருத்தன், தலையெல்லாம் பஞ்சு, விறுவிறுன்னு மேடையில ஏறிட்டான். மைக்கைப் பிடிச்சு, "வயசானவன்னு நினைச்சிராதீக, இது மில்லு குடுத்த நரை"ன்னான். கூட்டத்துல ஒருத்தன் பேரு என்னலேன்னு கேட்டான். "உக்கிரபாண்டி." செத்த நேரம் நின்னான். "எங்க தாத்தா வச்ச பேரு. போட்டுப் பாத்தேன், எனக்குத் தொளதொளன்னு இருக்கு."

முக்கால் மணி நேரம் பேசுனான். வேசம் கிடையாது, கெட்ட வார்த்தை கிடையாது, தோள்ல ஒரு துண்டு அம்புட்டுத்தான். ராஜா வேசக்காரர் மேடைக்கு வந்தா, கூட்டம் அவரைப் பாத்து செத்த பொறுங்கய்யான்னு கையைக் காட்டுது. அவரும் என்ன செய்வாரு, கிரீடத்தோட அப்படியே மேடை ஓரத்துல சம்மணம் போட்டு உக்காந்து கேட்டாரு. நானும் லத்தியைக் கக்கத்துல வச்சுக்கிட்டு வாயைப் பிளந்து நின்னேன். அதுக்குப் பொறவு அவனைத் தனியாவே கூப்பிட ஆரம்பிச்சாக. நாடகமும் இல்லாம, பாட்டும் இல்லாம, ஒத்தை ஆளா மைக்கு முன்னால நின்னு ஒரு ஊரையே உக்கார வைக்கிறதை இந்தப் பக்கம் அதுக்கு முன்னால யாரும் பாத்ததில்ல.

அவன் பவிசு எல்லாம் நிறுத்துறதுலதான் இருந்துச்சு. ஒரு வரி சொல்லுவான், நிறுத்துவான். மனசுக்குள்ள மூணு எண்ணுவானாம், அவனே எங்கிட்ட சொன்னது. அந்த மூணுக்குள்ள ஜனங்களே மீதியை யோசிச்சு முடிச்சிரும், அப்ப அடுத்த வரியைப் போடுவான். இதுக்காக வார லீவுல அய்யனார் கோவில் அருவிக்குப் போய், தண்ணி இரைச்சலுக்கு எதுக்க நின்னு பேசிப் பழகுனவன். ஒருக்க ஜவகர் மைதானத்துல பேசிக்கிட்டு இருக்கும்போது கரண்டு போயிருச்சு. பொழுது சாயுற நேரம், ரெண்டாயிரம் பேர் இருக்கும். மைக்கு இல்ல. அவன் பாட்டுக்குப் பேசுனான். முன்வரிசை கேட்டுச் சிரிச்சுட்டு, திரும்பிப் பின்வரிசைக்குச் சொல்லுச்சு. பின்வரிசை அதுக்குப் பின்னால சொல்லுச்சு. சிரிப்பு இப்படியே போய் பஸ் ரோடு வரைக்கும் சேருது. கடைசி ஆள் சிரிச்சு முடிக்கிற வரைக்கும் அவன் காத்துக்கிட்டு நிக்கான். எனக்கு மயிர்க்கூச்செறிஞ்சு போச்சு. இப்ப சொல்லும்போதும் பாருங்க கையை.

சிரிக்க வைக்கிறதோட விட்டிருந்தான்னா எனக்கும் அவனுக்கும் சோலி இருந்திருக்காது. அவன் தொழிற்சங்கத்துல சேந்துட்டான். அவன் வேலை பாத்த மில்லுல பொம்பளைகளுக்குக் கக்கூசு கட்டியிருந்தாக, கதவு போடல. மூணு வருசமா மனு எழுதிக் குடுத்தும் போடல. உக்கிரபாண்டி அந்தக் கதவைப் பத்தி மட்டும் அரை மணி நேரம் பேசுனான். ஊரே வயித்தைப் பிடிச்சுக்கிட்டு சிரிச்சுச்சு. எட்டாம் நாள் கதவு வந்துருச்சு, தாப்பாளோட. அந்தக் கதவு வந்த அன்னைக்குத்தான் எங்க இன்ஸ்பெக்டர் என்னைக் கூப்பிட்டு, இனிமே இவன் எங்க பேசினாலும் நீ போய் ஒரு எழுத்து விடாம எழுதிட்டு வரணும்னு சொன்னாரு.

அப்படி நாலஞ்சு வருசம் எழுதினேன். மேடைக்கு இடப்பக்கம் மடக்கு நாற்காலி, மடியில நோட்டு, கையில பென்சில். எனக்கு முறையான சுருக்கெழுத்து தெரியாது. நானா ஒன்னு உண்டாக்கி வச்சிருந்தேன், அதை என்னைத் தவிர ஒருத்தனும் வாசிக்க முடியாது. ஆளுக பேருக்கு முதல் எழுத்து, மில்லுன்னா ஒரு வட்டம், மேனேஜர்னா வட்டத்துக்குள்ள ஒரு புள்ளி. அவன் என்னடான்னா பேச்சை நிறுத்திட்டு என்னைக் குனிஞ்சு பாத்து, "எழுதியாச்சா ஏட்டையா? வேகமாப் போறேனா?"ன்னு கேப்பான். கூட்டம் என் பக்கம் திரும்பிச் சிரிக்கும். எனக்கு வெக்கமா இருக்கும், ஆனா அவன் கேலிக்காகக் கேக்கல. நிசமாவே எனக்காகத்தான் நிறுத்துவான். அவன் பேச்சு நோட்டுல ஒழுங்கா ஏறணும்னு அவனுக்கு அம்புட்டு அக்கறை.

டியூட்டியில சிரிக்கக் கூடாது. பென்சிலைக் கடிச்சு அடக்குவேன். வீட்டுல இருக்கிற பழைய பென்சில் எதை எடுத்தாலும் பல்லு தடம் இருக்கும். ஒரே ஒரு நாள் அடக்க முடியாம வெடிச்சுட்டேன், இன்ஸ்பெக்டர் பாத்துட்டாரு. பணியின்போது சிரித்தது ஏன்னு மெமோ. தும்மல் என்று பதில் எழுதிக் குடுத்தேன்.

எண்பத்தேழு மாசி மாசம் முத்தாத்தா செத்துப்போனா. அவ சுந்தரம்மாளோட மூத்த மக. சுந்தரம்மா புருசன் இல்லாதவ, காட்டு வேலை பாக்குறவ, மூணும் பொம்பளைப் பிள்ளைக. முத்தாத்தாளுக்கு இருபது வயசு. உக்கிரபாண்டி வேலை பாத்த அதே மில்லுதான், பேரு வேண்டாம், இப்ப முதலாளியும் மாறி பேரும் மாறிப் போச்சு. பெல்ட்டுல சேலை மாட்டி இழுத்துருச்சு. ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போறதுக்குள்ள முடிஞ்சு போச்சு. மில்லுல அவளுக்குத் தொழிலாளின்னு காட்டுற டோக்கன் கிடையாது, ரெஜிஸ்தர்ல பேர் கிடையாது, அப்படி நாப்பது அம்பது பொம்பளைக வேலை பாத்தாக. மேனேஜர் எழுதிக் குடுத்த காகிதத்துல என்ன இருந்துச்சு தெரியுமா? இறந்த பெண் எங்கள் தொழிலாளி அல்ல, உள்ளே வேலை பார்க்கும் தன் அண்ணனுக்குச் சோறு கொண்டு வந்தவர், அனுமதியில்லாமல் எந்திரத்தின் அருகே போய்விட்டார். எங்க ஸ்டேசன்லயும் அதையேதான் எழுதுனோம். அடப்பாவிகளான்னு இப்ப நீங்க சொல்லுதீக. அன்னைக்கு நான் அதைப் பிரதி எடுத்து பைல்ல கோத்து வச்சேன், ஒரு வார்த்தை கேக்கல.

பங்குனிப் பொங்கலுக்கு மில்லுத் தெருவுல மேடை போட்டிருந்தாக. உக்கிரபாண்டி ஏறுனான். அன்னைக்கு அவன் பேசுனதை நான் எழுதுனது மட்டும் இல்ல, மனப்பாடமாவே இருக்கு. அதை இப்ப சொல்ல மாட்டேன், அது வார இடத்துல வரும். கூட்டம் முதல்ல சிரிச்சுச்சு. பொறவு ஒரு சத்தம் இல்ல. பொறவு எந்திரிச்சு மில்லு கேட்டைப் பாத்து நடந்துச்சு. அவன் உக்காருங்க உக்காருங்கன்னு மைக்குல கத்துறான், யாரு கேக்கா? கேட் ரூம் கண்ணாடி உடைஞ்சு போச்சு, வாச்மேனுக்கு மண்டையில மூணு தையல். அந்த வாச்மேனும் பாவப்பட்டவன்தான். மறுநாள் உக்கிரபாண்டி ஆஸ்பத்திரிக்குப் போய் அவன் கட்டில் பக்கத்துல உக்காந்திருந்தான், அங்க வச்சுத்தான் நாங்க அரெஸ்ட் பண்ணினோம்.

மில்லையும் மேனேஜரையும் பேர் சொல்லி அவதூறு பேசி, கலகத்தைத் தூண்டினான்னு கேஸ். ஜாமீன்ல வந்துட்டான். ஒன்றரை வருசம் வாய்தா வாய்தான்னு இழுத்து, எண்பத்தெட்டு கார்த்திகையில ஒரு வெள்ளிக்கிழமை என் சாட்சி. அதுக்குள்ள மெட்ராசுல ஒரு பெரிய கம்பெனிக்காரங்க அவன் பேச்சைக் கேசட்டுல கேட்டுட்டு ஆள் அனுப்பியிருந்தாக. இந்த ரெண்டு நிமிச வேசம் இல்ல. படம் முழுக்கக் கதாநாயகன் கூடவே வார வேசம். திங்கக்கிழமை காலையில சூட்டிங்குல நிக்கணும், இல்லேன்னா வேற ஆள் தயாரா இருக்கான். ஞாயித்துக்கிழமை பஸ்ஸுக்கு டிக்கெட் எடுத்து வச்சிருந்தான். வெள்ளிக்கிழமை கேஸ் தோத்தா மெட்ராசும் இல்ல, ஒன்னும் இல்ல. ஜெயிலு.

கேஸே என் நோட்டை நம்பித்தான். அவன் பேரு சொல்லிப் பேசினானா, பொதுவா ஒரு கதை சொன்னானா, அதுதான் கேள்வி. அவன் வக்கீல் காதர், ராஜபாளையத்துக்காரர், நல்ல மனுசர். அவிய வாதம் என்னன்னா, என் கட்சிக்காரர் ஊர் பேர் இல்லாத ஒரு கதைதான் சொன்னார், கேட்டவங்க தாங்களா நினைச்சுக்கிட்டா அவர் என்ன செய்வார். என் நோட்டுல என்ன இருக்குன்னு என்னைத் தவிர எவனுக்கும் தெரியாது. அங்கதான் எனக்குப் புத்தி வேலை செஞ்சுச்சு. சு-ன்னு எழுதியிருக்கிறதை 'ஒரு தாயார்'னு வாசிப்பேன். மு-ன்னா 'ஒரு பெண்'. வட்டத்தை 'ஓர் இடம்'னு வாசிப்பேன். யார் வந்து கேக்கப் போறா? யாரும் எங்கிட்ட சொல்லல, காதர் வக்கீல் என் முகத்தைக்கூடப் பாத்ததில்ல. நானா முடிவு பண்ணினேன். ஆறு வருசம் என்னைச் சிரிக்க வச்சவனை நான் கூண்டுல ஏறி ஜெயிலுக்கு அனுப்பணுமா? வேலை போனாப் போகட்டும், மயிரே போச்சுன்னு நினைச்சேன். வீட்டுல நாலு நாள் வாசிச்சுப் பழகினேன். அடுப்படியில இருந்து எம்பொஞ்சாதி, என்னத்தை இப்படிக் கருமாதிப் பத்திரிகை மாதிரி வாசிக்கியன்னு கேட்டா. அப்பச் சரியாத்தான் வாசிக்கேன்னு சொன்னேன்.

வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்கு எங்க கேஸைக் கூப்பிட்டாக. கோர்ட்டு நிறைய மில்லு ஆளுக. சுந்தரம்மா உள்ள வரல, வராந்தாவுல கதவை ஒட்டித் தரையில உக்காந்திருந்தா. உக்கிரபாண்டி எதிர்க் கூண்டுல, வெள்ளைச் சட்டை, துண்டை எடுத்து இடுப்புல கட்டியிருந்தான். மாஜிஸ்திரேட் சின்ன வயசுக்காரர், கண்ணாடி போட்டவர், சிரிச்சு யாரும் பாத்ததில்லன்னு பேரு. சர்க்கார் வக்கீல் என்னை வாசிக்கச் சொன்னாரு.

சத்தியம் பண்ணிட்டு வாசிச்சேன். "ஒரு தாயாருக்கு மூன்று பெண் பிள்ளைகள். ஆண் பிள்ளை இல்லை. ஓர் இடத்தில் ஒருவர் ஒரு கடிதம் எழுதினார். அதன்படி அந்தத் தாயாருக்கு ஓர் ஆண் பிள்ளை இருப்பதாகத் தெரிய வந்தது." மூச்சு விடாம, ஒரே சீரா, நிறுத்துற இடத்துல நிறுத்தாம வாசிச்சு முடிச்சேன். ஒரு பய சிரிக்கல. மாஜிஸ்திரேட் கண்ணாடியைக் கழட்டித் துடைச்சுக்கிட்டு, இதைக் கேட்டா ஊர் கலவரம் பண்ணியது, இதில் யாரைப் பற்றி என்ன இருக்கிறதுன்னு சர்க்கார் வக்கீலைக் கேட்டாரு. அவருக்கு வேர்த்துப் போச்சு. காதர் வக்கீல் மேசைக்கு அடியில கையைத் தேய்ச்சுக்கிட்டு இருந்தாரு. முடிஞ்சு போச்சுடா பாண்டி, நாளன்னைக்கு பஸ் ஏறுன்னு நான் மனசுக்குள்ள சொல்லிக்கிட்டேன்.

மாஜிஸ்திரேட் அவன் பக்கம் திரும்பி, நீர் பேசியது இதுதானான்னு கேட்டாரு. ஆமாய்யான்னு சொன்னாப் போதும். வக்கீல் அதைத்தான் சொல்லிக் குடுத்திருந்தாரு.

அவன் கூண்டுக் கம்பியை ரெண்டு கையாலயும் பிடிச்சான். முதல்ல என்னைப் பாத்தான். கோவம் இல்ல, சாப்பாட்டுல கல்லைக் கடிச்ச மாதிரி ஒரு முகம். பொறவு கதவுப் பக்கம் பாத்தான். ஒன்னு, ரெண்டு, மூணு. நானும் கூடவே எண்ணினேன்.

"இல்லீங்கய்யா. ஏட்டையா பேரை விட்டுட்டாக."

காதர் வக்கீல் எந்திரிச்சு, என் கட்சிக்காரர் குழப்பத்துல பேசுதாருன்னு என்னமோ சொன்னாரு. மாஜிஸ்திரேட் கையமர்த்திட்டு, நீர் சொல்வது உமக்கே எதிராகப் போகும், தெரியுமான்னு கேட்டாரு. தெரியுமய்யான்னான். அப்ப என்ன பேசினீர், சொல்லும்னாரு.

துண்டை இடுப்புல இருந்து அவுத்துத் தோள்ல போட்டான். அம்புட்டுத்தான். கூண்டு மேடையாயிருச்சு.

"பிள்ளை இல்லாதவுக எல்லாம் ராமேஸ்வரம் போறீகளே, எதுக்குங்கேன்? பேசாம நம்ம மில்லு ஆபீசுக்கு வாங்க. நம்ம சுந்தரம்மாளுக்கு மூணும் பொட்டப்பிள்ளை. ஆம்பளப்பிள்ளை வேணும்னு அவ ஏறாத கோயில் இல்ல. மேனேஜர் ஒரே ஒரு காகிதம் எழுதுனாரு, முத்தாத்தா அண்ணனுக்குச் சோறு கொண்டு வந்தாள்னு. பொறந்துட்டான் ஆம்பளப்பிள்ளை." நிறுத்தினான். "அதுவும் சும்மாவா? இருபத்தஞ்சு வயசுல, மீசையோட."

பின் பெஞ்சுல எவனோ முதல்ல சிரிச்சான். பொறவு கோர்ட்டே சிரிச்சுச்சு. சர்க்கார் வக்கீல் சிரிச்சாரு. மாஜிஸ்திரேட் பைலைத் தூக்கி முகத்துக்கு நேரா வச்சுக்கிட்டாரு, தோள் குலுங்குறது எனக்குத் தெரியுது.

"சுந்தரம்மா கேக்கா, ரொம்பச் சந்தோசம் ஐயா, எம்மகனைக் கண்ணுல காட்டுங்கன்னு. அவன் ஷிப்டுல இருக்கான், முடிஞ்சதும் வருவான்னாரு மேனேஜர்." ஒன்னு, ரெண்டு, மூணு. "இன்னும் ஷிப்டு முடியல."

சிரிப்பு பாதியிலயே நின்னு போச்சு. பைலு மெதுவாக் கீழே இறங்குச்சு.

"நம்ம ஊர்ல விக்கிற நாய்க்குட்டிக்குக்கூட அப்பன் ஆத்தா பேர் போட்டுச் சீட்டு குடுக்கான். எட்டு மாசம் நூல் முடிச்சுப் போட்ட பிள்ளைக்கு ஒரு சீட்டு இல்ல. எட்டு மாசமும் அவ தூக்குவாளி கொண்டு வந்தது வாஸ்தவம். மத்தியானம் மூலையில உக்காந்து அதைத் திறந்து தின்னது யாருன்னு கேளுங்க. அவதான். அந்த அண்ணனை நான் பாத்ததில்ல. அவளைப் பாத்திருக்கேன்."

சொல்லிட்டு அவன், ஓரமா உக்காந்து டைப் அடிச்சுக்கிட்டு இருந்த அம்மாவைக் குனிஞ்சு பாத்தான். எழுதியாச்சாம்மா, வேகமாப் போறேனான்னு கேட்டான். அந்த அம்மா கண்ணைத் துடைச்சுக்கிட்டு, ஆச்சுன்னு தலையை ஆட்டுச்சு.

மாஜிஸ்திரேட் பைலை மூடி வச்சாரு. பொறவு, இறந்த பெண் அங்கே வேலை செய்தாள் என்பது உமக்கு எப்படித் தெரியும்னு கேட்டாரு. "அடுத்த மெசின்ல நின்னவன் நான்தான்யா. பெல்ட்டை நிறுத்துனதும் நான்தான். பேரு முத்தாத்தாள். அதையும் எழுதச் சொல்லுங்கய்யா." எழுதச் சொன்னாரு. அதுக்கப்புறம் என்னைப் பாத்து, ஏட்டு, உம்முடைய நோட்டில் பேர் இருக்கிறதா இல்லையான்னாரு. இருக்குய்யா, நான்தான் விட்டுட்டேன்னு சொன்னேன். அப்படிப் பேசுன பாண்டி முன்னால நின்னுக்கிட்டு இன்னொரு தடவை பொய் சொல்ல எனக்கு நாக்கு எழும்பல. அதுக்காக எனக்கு ரெண்டு இன்கிரிமெண்ட் போச்சு, சாத்தூருக்குத் தூக்கி அடிச்சாக. போகட்டும்.

மத்தியானம் மூணு மணிக்குத் தீர்ப்பு. குற்றத்தை அவனே ஒத்துக்கிட்டான், வாச்மேன் மண்டை உடைஞ்சதும் நிசம், அதனால மூணு மாசம். வாசிக்கும்போது மாஜிஸ்திரேட் அவன் முகத்தைப் பாக்கல. கடைசியில ஒரு வரி சேத்தாரு, முத்தாத்தாள் என்ற தொழிலாளியின் மரணத்தை மறுபடி விசாரிக்க வேண்டும்னு. தொழிலாளின்னு அவர் வாயால சொன்னாரு. அந்த வரியை வச்சுத்தான் பின்னால சங்கம் போராடி, தொண்ணூத்தி ரெண்டுல அந்த அம்பது பொம்பளைகளுக்கும் டோக்கன் வாங்குச்சு. மெட்ராசு வேசம் வேற ஒருத்தனுக்குப் போச்சு. அந்த ஆள் இன்னைக்கு எங்க இருக்கான்னு உங்களுக்கே தெரியும், பங்களாவும் காருமா. உக்கிரபாண்டி ரெண்டு நிமிசக்காரனாவே நின்னுட்டான்.

வேன்ல ஏத்துறதுக்கு முன்னால ஒரு பத்து நிமிசம் கிடைச்சுச்சு. எனக்குக் கோவம் தாங்கல. ஏலே கூறுகெட்டவனே, உன்னைக் காப்பாத்தத்தானலே அப்படி வாசிச்சேன், ஆமான்னு ஒரு வார்த்தை சொல்லத் தெரியலையான்னு அவனைப் பிடிச்சு ஏசினேன். அவன் சிரிச்சான்.

"தெரியும் ஏட்டையா. ஆனா பேரை எடுத்துட்டா அதுல சிரிப்பும் இல்ல, அழுகையும் இல்ல. கேட்டீகள்ல, ஒருத்தரும் அசையல."

அம்புட்டுத்தான் சொன்னான். நான் கோர்ட்டு வாசல் புளியமரத்தடியில தொப்பியைக் கையில வச்சுக்கிட்டு நின்னேன். வேன் கிளம்பிப் போச்சு. ஜனமும் கலைஞ்சு பஸ் ஸ்டாண்டைப் பாக்க நடந்துச்சு. அப்ப சுந்தரம்மா எங்கிட்ட வந்தா. எனக்கு அவ முகத்தைப் பாக்க முடியல. மக பேரை மறைச்சவன்ல நான். அவ கேக்குறதுக்கு முன்னால நானே சொல்லிட்டேன், தாயி, நான்தான் உன் மக பேரை வாசிக்காம விட்டேன், என்னைத் திட்டணும்னா திட்டிருன்னு.

அவ திட்டல. வெளிய இருந்து எல்லாத்தையும் கேட்டுக்கிட்டுத்தான் இருந்தேன்னா. நீங்க அந்தப் பேரை விட்டதும் எனக்கு நிம்மதியா இருந்துச்சு ஐயான்னா. எனக்கு ஒன்னும் புரியல. அவ முந்தானையால மூக்கைத் துடைச்சுக்கிட்டுச் சொன்னா, நேத்துச் சாயந்தரம் அவளே அவன் வீட்டுக்குப் போயிருக்கா. போனவ போயிட்டா, நீ உயிரோட இருக்கிற பிள்ளை, கோர்ட்டுல அவ பேரை எடுக்காத, மெட்ராசுக்குப் போய் நல்லா இருன்னு அவன் கையைப் பிடிச்சுக் கெஞ்சியிருக்கா. அவன் சம்மதிச்ச பொறவுதான் வீட்டுக்கு வந்து ஒரு வாய் சோறு தின்னாளாம்.

வேன் போன ரோட்டைப் பாத்துக்கிட்டே நின்னா. உதடு சிரிக்கப் பாக்குது, கண்ணுல தண்ணி ஓடுது.

"சரி அத்தைன்னான் ஐயா. எங்கிட்ட சரின்னுதான் சொன்னான்."